ராத்கோ முறையில் மெல்லிய அடுக்குகள்: ஒளி வரவில்லை, விளிம்பு விறைத்து நிற்கிறது, காய்ந்தபின் நிறம் கையில் ஒட்டுகிறது

நீலச்சுவடு:

வணக்கம் நண்பர்களே. அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோவின் 1950களின் படங்களைப் பற்றி, அதாவது விளிம்பு கரைந்த பெரிய வண்ணச் செவ்வகங்களைப் பற்றி, ஒரு விளக்க உரைக்குத் தயாரிப்பு நடக்கிறது. கூடவே அவர் முறையில் 60×50 செ.மீ. அளவில் ஒரு பயிற்சிப் படமும் வைக்க வேண்டும். எந்தப் படத்துக்கும் நகல் இல்லை. அடுக்கின்மேல் அடுக்காக எப்படி எழுப்பினார் என்று காட்ட ஒரு மாதிரி, அவ்வளவுதான்.

இப்போது இருக்கும் நிலை: வெள்ளை அக்ரிலிக் ஜெஸ்ஸோ (பெயின்ட்டுக்கு அடியில் போடும் தளப்பூச்சு) பூசி வரும் பருத்தி கேன்வாஸ். அதன்மேல் டியூப் ஆயில் பெயின்ட்டை டர்பன்டைனில் பால் பதத்துக்குக் கரைத்து நான்கு பூச்சு. கீழே அலிசரின் கிரிம்சன் என்ற கருஞ்சிவப்பு. மேலே காட்மியம் சிவப்பில் வெள்ளை கலந்து இரண்டு செவ்வகங்கள்.

சிக்கல் மூன்று. நிறம் சுவருக்கு அடித்த பெயின்ட் போல மொத்தையாக இருக்கிறது, உள்ளிருந்து வரும் அந்த வெளிச்சம் இல்லை. செவ்வகத்தின் விளிம்பு வெட்டி ஒட்டியது போல நிற்கிறது. காய்ந்த பிறகு சில இடம் பளபளப்பு, சில இடம் மங்கல். மங்கிய இடத்தில் விரலை வைத்தால் சிவப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வருகிறது.

இன்னும் இரண்டு கேள்விகள். ஹார்வர்டில் அவருடைய படங்கள் நிறம் வெளுத்துப்போனதற்கு எந்தச் சிவப்பு காரணம்? அதே தவறு இதில் வராமல் இருக்க எதைத் தவிர்க்க வேண்டும்? அடுத்தது, அவர் யூதர் என்பதை உரையில் எவ்வளவு தூரம் கொண்டுவரலாம்? படத்துக்கும் அதற்கும் நேர்த் தொடர்பு உண்டா?

---

அடித்தளம்:

முதலில் ஜெஸ்ஸோவைப் பார்ப்போம். பாதிச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வெள்ளை ஜெஸ்ஸோ எண்ணெயை உறிஞ்சும். நீங்கள் ஏற்கெனவே டர்பன்டைனில் கரைத்து எண்ணெயைக் குறைத்துவிட்டீர்கள். மிச்சம் இருந்த கொஞ்சத்தையும் ஜெஸ்ஸோ குடித்துவிட, மேலே நிறத்தூள் மட்டும் பிடிமானம் இல்லாமல் கிடக்கிறது. விரலில் ஒட்டுவது அதுதான்.

ராத்கோ வெள்ளைத் தளத்தில் தொடங்கியவர் அல்ல. வெறும் துணியில், நிறத்தூள் கலந்த முயல்தோல் பசையைச் சூடாகப் பூசினார். அதனால் துணியே நிறம் ஏறியதாகிவிடுகிறது. நூலின் இழை மேலே தெரியும், ஆனால் வெள்ளை எங்கும் எட்டிப் பார்க்காது. அதன்மேல் வரும் ஒவ்வொரு மெல்லிய பூச்சும் நிறமுள்ள ஒரு தளத்தோடு பேசத் தொடங்குகிறது. இதைத் தவிர்த்துவிட்டு மேலே எத்தனை பூச்சு போட்டாலும் அவருடைய ஆழம் வராது என்பது என் உறுதியான கருத்து.

செய்முறை, உங்கள் அளவுக்கு: ஜெஸ்ஸோ இல்லாத கனமான பருத்தித் துணியைச் சட்டத்தில் இழுத்து அடியுங்கள். தம்பட்டம் மாதிரி விறைப்பாக வேண்டாம். பசை காயும்போது துணி சுருங்கும், அளவுக்கு மீறி இழுத்திருந்தால் சட்டமே கோணும். 7 கிராம் முயல்தோல் பசைக் குருணையை 100 மி.லி. குளிர்ந்த நீரில் போட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். குருணை நன்றாக உப்பிய பிறகு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். 60 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடாதீர்கள். கொதித்துவிட்டால் பசையின் பிடிப்பு போய்விடும், பிறகு அதைச் சரிசெய்ய வழியில்லை, கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்ச வேண்டியதுதான்.

பசை சரியான பலத்தில் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு கரண்டி எடுத்து ஆறவிடுங்கள். தளதளவென்று உறையும். அதை விரலால் பிளந்தால் பிளந்த முகம் சொரசொரப்பாக இருக்க வேண்டும். கத்தியால் வெட்டியது போல வழவழப்பாகப் பிளந்தால் பசை அதிகம், நீர் சேருங்கள். உறையவே இல்லையென்றால் பசை போதாது.

நிறத்தூளை நேரே பசையில் கொட்டினால் கட்டி கட்டியாகும். ஒரு தேக்கரண்டித் தூளைச் சில சொட்டு நீரில் குழைத்து விழுதாக்கி, பிறகு சூடான பசையில் கலக்குங்கள். சுமார் 10 செ.மீ. அகல பிரஷ்ஷால், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிறுத்தாமல் இழுங்கள். பசை ஆறினால் உறையும். பாதியில் நின்று திரும்ப வந்தால் அந்த இடத்தில் கோடு விழும். பெரிய படங்களில் ராத்கோவும் உதவியாளரும் ஏணி வைத்து வேகவேகமாகப் பூசியதற்கு இதுதான் காரணம். சட்டத்தின் பக்கவாட்டு விளிம்பையும் சேர்த்துப் பூசுங்கள். அவர் படங்களுக்குச் சட்டகம் இல்லை, நிறம் பக்கத்தில் மடங்கிப் போவதும் படத்தில் சேர்த்திதான்.

ஒரு நாள் காயவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம். நிறத்தூள் கையாளும்போது முகக்கவசம் கட்டாயம், காட்மியம் தூள் என்றால் இரட்டிப்புக் கவனம்.

---

விளிம்போரம்:

அடித்தளம் சொன்னதை ஏற்கிறேன். மேல் அடுக்குகளைப் பற்றி நான் சொல்கிறேன்.

மொத்தையாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம் காட்மியம் சிவப்போடு வெள்ளை கலந்தது. இரண்டும் ஒளியை மறைக்கும் நிறங்கள். நான்கு பூச்சு போட்டாலும் மேலே இருப்பது ஒன்றுதான் தெரியும். உள்ளொளி எப்போது வரும்? வெளிச்சம் மேல் படலத்தைத் துளைத்துக் கீழ் அடுக்கில் பட்டுத் திரும்பி வரும்போது. அதற்கு இரண்டு வழி. வெளிர் அடுக்கின்மேல் ஒளிபுகும் கருமையான நிறத்தை மெலிதாக ஓட்டுவது ஒன்று. கரிய அடுக்கின்மேல் ஒளிமறைக்கும் வெளிர் நிறத்தை, கீழே உள்ளது கசியும் அளவுக்கு, மிக மிக மெலிதாகத் தேய்ப்பது இன்னொன்று. முதலாவது சூடாகத் தெரியும், இரண்டாவது குளிர்ந்து பனி மூடியது போல ஆகும். ராத்கோ ஒரே செவ்வகத்துக்குள் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டார். அதனால்தான் அந்தப் பரப்பு நம்மை நோக்கி வருகிறதா, பின்னால் போகிறதா என்று கண்ணால் முடிவு செய்ய முடிவதில்லை.

கரைசல்: வெறும் டர்பன்டைனில் பால் பதம் ஆக்காதீர்கள். ஸ்டாண்ட் ஆயில் (கெட்டியாக்கிய ஆளிவிதை எண்ணெய்) 1 பங்கு, டாமர் வார்னிஷ் (டாமர் என்ற மரப்பிசினில் செய்தது) 1 பங்கு, டர்பன்டைன் 5 பங்கு கலந்து ஒரு சீசாவில் வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட்டை இதில் இளக்கினால் எவ்வளவு மெலிதானாலும் தூள் பிடிபட்டு நிற்கும். ஆனால் இது பளபளப்பைக் கொடுக்கும். மங்கலான பரப்பு வேண்டுமென்றால் முட்டைக் கலவை: முழு முட்டை 1 பங்கு, எண்ணெய்ப் பகுதி 1 பங்கு (லின்சீட் ஆயில் எனும் ஆளிவிதை எண்ணெய் பாதி, டாமர் வார்னிஷ் பாதி), நீர் 2 பங்கு. வரிசை முக்கியம். மூடியுள்ள சீசாவில் முதலில் முட்டையைக் குலுக்கி, பிறகு எண்ணெயை விட்டு நன்றாகக் குலுக்கி, கடைசியில் நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் குலுக்குங்கள். நீரை முதலில் விட்டால் எண்ணெய் பிரிந்து நிற்கும். குளிர்பெட்டியில் வைத்தால் சில நாள் தாங்கும், நாறினால் கொட்டிவிடுங்கள்.

இது மரபான வாய்பாடு. ராத்கோவின் சொந்த அளவு இது என்று உரையில் சொல்லிவிட வேண்டாம். தன் கலவைகளைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறக்காதவர். அவர் படங்களின் சிறு துகள்களை ஆய்வுக்கூடத்தில் பார்த்தபோதுதான் எண்ணெய், முட்டை, பசை, டாமர், செயற்கைப் பிசின்கள் எல்லாம் ஒரே படத்தின் வெவ்வேறு அடுக்குகளில் இருப்பது வெளிவந்தது. பளபளப்பும் மங்கலும் மாறி மாறி வருவது அவர் வேண்டுமென்றே செய்தது. நியூயார்க் உணவகம் ஒன்றுக்காக அவர் வரைந்த சீக்ராம் வரிசைப் படங்களை நேரே பார்த்தால் கருஞ்சிவப்பின்மேல் கருஞ்சிவப்பு, உருவமே இல்லை. பக்கவாட்டில் நகர்ந்தால் ஒரு படலம் மினுங்கும், பக்கத்துப் படலம் மினுங்காது, அந்த வித்தியாசத்தில் தூண் போன்ற வடிவம் எழுந்து வரும். உங்கள் படத்தில் பளபளப்பு தாறுமாறாக வந்திருக்கிறது. அவர் படத்தில் இடம் பார்த்து வந்திருக்கிறது. வேறுபாடு அதுதான்.

இனி விளிம்பு. 1950களின் படம் ஒன்றின் முன் நெருங்கி நின்று செவ்வகம் முடியும் இடத்தைப் பாருங்கள். அங்கே கோடு என்று எதுவும் கிடையாது. முதலில் ஒரு நீர்த்த பூச்சு செவ்வகத்தைத் தாண்டி ஒன்றிரண்டு விரற்கடை வெளியே பரவியிருக்கும். அதற்கு உள்ளே சற்றுக் கெட்டியான இரண்டாவது பூச்சு முடிந்திருக்கும். மூன்றாவது ஓரிடத்தில் முந்தியும் ஓரிடத்தில் பிந்தியும் நிற்கும். இடையிடையே உலர்ந்த பிரஷ் இழுத்த மயிர்க்கீறல்கள், அவற்றின் நடுவே அடித்தள நிறம். தூரத்திலிருந்து பார்க்கும்போது விளிம்பு துடிப்பது போலத் தெரிவதற்கு இந்த ஒழுங்கற்ற படிக்கட்டுதான் காரணம். ஆகவே நான்கு பூச்சையும் ஒரே எல்லையில் நிறுத்தாதீர்கள். டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். ஒவ்வொரு பூச்சின் எல்லையையும் அரை செ.மீ. முதல் 2 செ.மீ. வரை கூட்டிக் குறையுங்கள். பூச்சு ஈரமாக இருக்கும்போதே சுத்தமான, உலர்ந்த, மென்மையான அகல பிரஷ்ஷால் வெளிப்பக்கமாக வருடி விடுங்கள். வருடிய ஒவ்வொரு முறையும் பிரஷ்ஷைத் துணியில் துடையுங்கள், இல்லாவிட்டால் நிறம் வெளியே இழுபட்டு அழுக்காகும்.

ஒழுகல் விழுந்தால் துடைக்க வேண்டாம். அவர் வேலை நடுவே கேன்வாஸைத் தலைகீழாகத் திருப்புவார். சில படங்களில் ஒழுகல் கீழிருந்து மேலே ஏறுவது அதனால்தான்.

எண்ணெய் கலந்த துணிகளைக் குவித்துப் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். நீர் நிரம்பிய, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

---

துணிமடிப்பு:

முயல்தோல் பசைக்கு எதிராக ஒரு குரல் இங்கே வேண்டும். அந்தப் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும், வறட்சியில் சுருங்கும். ஆண்டு முழுவதும் இப்படி மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். மேலே இருக்கும் எண்ணெய்ப் படலம் வயதாக ஆக விறைக்கும், கூடவே அசைய முடியாமல் விரிசல் விடும். ஈரம் அதிகம் உள்ள அறையில் துணி தொய்ந்து பூஞ்சையும் பிடிக்கும்.

பயிற்சிப் படத்துக்கு இவ்வளவு ஆபத்து தேவையில்லை. அக்ரிலிக் மேட் மீடியம் (பளபளப்பில்லாத, நிறமற்ற அக்ரிலிக் கலவை) 1 பங்கு, நீர் 1 பங்கு, கூடவே குழைத்த நிறத்தூள் அல்லது அக்ரிலிக் பெயின்ட். இதை வெறும் துணியில் பூசினால் கிட்டத்தட்ட அதே சாயமேறிய தளம் கிடைக்கும். வெறும் நீரை மட்டும் தாராளமாக ஊற்றி அக்ரிலிக்கைக் கரைக்காதீர்கள், அங்கேயும் பிடிமானம் போய்விடும். அக்ரிலிக்கின்மேல் எண்ணெய் போகலாம், எண்ணெயின்மேல் அக்ரிலிக் போகக்கூடாது, உரிந்துவிடும்.

ராத்கோவுக்கு இது அந்நியமும் அல்ல. அவருடைய படங்களிலேயே அக்ரிலிக் உண்டு. 1968-இல் பெருந்தமனி வீக்கம் வந்து, 40 அங்குலத்துக்கு மேல் உயரமான படம் வேண்டாம் என்று மருத்துவர் சொன்னபின், தாளில் அக்ரிலிக்கால் ஏராளமாக வரைந்தார். 1969-70-இன் கறுப்பும் சாம்பலும் கொண்ட கேன்வாஸ் படங்களும் அக்ரிலிக்தான். அவற்றில் டேப் ஒட்டி எடுத்த கூர்மையான வெள்ளை ஓரம் வரும்.

---

அடித்தளம்:

துணிமடிப்பு சொல்வது பாதுகாப்பு நோக்கில் சரி. ஆனால் அக்ரிலிக் தளம் நூலிழைமேல் ஒரு பிளாஸ்டிக் தோலாகப் படிகிறது. பசைத்தளம் நூலோடு சேர்ந்து மங்கலாக நிற்கும், எண்ணெய்ப் பூச்சு அதில் ஓரளவு இறங்கிப் பிடிக்கும். முறையைக் காட்டத்தான் இந்த மாதிரி என்றால் பசைத்தளமே பொருத்தம். சுவரில் நிரந்தரமாகத் தொங்கப்போகிறது என்றால் அக்ரிலிக். நோக்கத்தை முடிவு செய்துவிட்டுப் பொருளைத் தேர்ந்தெடுங்கள்.

---

சிவப்புத்தூள்:

ஹார்வர்ட் பற்றி. 1960களின் தொடக்கத்தில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹோலியோக் மையம் என்ற கட்டடத்துக்காக ராத்கோ ஆறு படங்கள் வரைந்தார். ஐந்து மட்டும் 1964-இல் மேல்மாடி உணவுக்கூடத்தில் மாட்டப்பட்டன. தரை முதல் கூரை வரை கண்ணாடிச் சன்னல்கள். திரையை மூடி வைக்கச் சொல்லியிருந்தார். சாப்பிட வந்தவர்கள் வெளிக்காட்சிக்காகத் திறந்துவிட்டார்கள். கருஞ்சிவப்புப் பின்னணி சில ஆண்டுகளில் வெளுத்து, இடத்துக்கு இடம் நீலம் பாய்ந்தது. 1979-க்குள் எல்லாப் படங்களையும் கழற்றிக் கிடங்கில் வைத்துவிட்டார்கள்.

காரணம் லித்தால் சிவப்பு. அச்சு மைக்குப் பெரிதும் பயன்பட்ட மலிவான செயற்கை நிறமி, வெயில் தாங்காது. இதை அவர் அல்ட்ராமரின் நீலத்தோடு கலந்திருந்தார். சிவப்பு சிதைந்தது, நீலம் அசையாமல் நின்றது. அதனால்தான் படம் வெளுத்ததோடு நிற்காமல் வேறு நிறமாகவே மாறிப்போனது. கூடவே, முட்டையும் பசையும் கலந்த மெல்லிய பூச்சு என்பதால் ஒவ்வொரு நிறத்துகளும் ஒளிக்கு நேரே வெளிப்பட்டுக் கிடந்தது. தடிமனான எண்ணெய்ப் படலத்தில் இவ்வளவு வேகமாகப் போயிருக்காது.

உங்கள் படத்தில் இருக்கும் அலிசரின் கிரிம்சனும் ஓடிப்போகும் ரகம்தான், குறிப்பாக மெலிதாகப் பூசும்போது. டியூபின் பின்னால் நிறமி எண்ணைப் பாருங்கள். பிஆர்83 (PR83) என்றிருந்தால் விலக்குங்கள். லித்தால் சிவப்பு பிஆர்49. பதிலாக பெரிலீன் மரூன் (பிஆர்179), குவினாக்ரிடோன் ரோஸ் (பிவி19), பைரால் ரூபின் (பிஆர்264). மூன்றும் ஒளிபுகும், மூன்றும் நன்றாகத் தாங்கும். ராத்கோவின் கருஞ்சிவப்புக்கு பெரிலீன் மரூனோடு சிறிது அல்ட்ராமரின் மிக நெருக்கமாக வரும். டியூபின் பெயரை நம்பவே வேண்டாம். ஒரே பெயரில் வேறு வேறு நிறமிகள் விற்கிறார்கள், எண்தான் பேசும்.

சந்தேகம் இருந்தால் சோதனை எளிது. தாளில் மூன்று பட்டை: கெட்டியாக, நீர்த்து, வெள்ளை கலந்து. பாதியை அலுமினியத் தாளால் இறுக மூடி வெயில் படும் சன்னலில் ஒட்டுங்கள். அலிசரினில் நீர்த்த பட்டைதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

உரைக்குப் பயன்படும் இன்னொரு செய்தி. 2014-இல் ஹார்வர்ட் அந்தப் படங்களைத் திரும்பக் காட்சிக்கு வைத்தபோது, படத்தின்மேல் ஒரு துளி வண்ணமும் தொடவில்லை. 1964-இல் எடுத்த எக்டாக்ரோம் ஸ்லைடுகள் (வண்ணப் புகைப்பட ஃபிலிம்) இருந்தன, அவையும் நிறம் போயிருந்தன. அவற்றைக் கணினியில் மீட்டு, மாட்டப்படாமல் தப்பிய ஆறாவது படத்தின் நிறத்தையும் துணைக்கு வைத்து, எந்த இடத்தில் எவ்வளவு நிறம் குறைகிறது என்று கணக்கிட்டார்கள். குறைந்த நிறத்தை மட்டும் புரொஜெக்டர் வழியே ஒளியாக அந்தந்த இடத்தில் விழச் செய்தார்கள். தினமும் மாலை 4 மணிக்கு விளக்கை அணைப்பார்கள், உண்மையான வெளுத்த நிலையும் தெரியும். தொட்டுச் சரிசெய்யாததற்குக் காரணம், வார்னிஷ் இல்லாத, நுண்துளைகள் நிறைந்த அந்தப் பரப்பில் ஒருமுறை வண்ணம் வைத்தால் பிறகு எடுக்கவே முடியாது. பழுது பார்க்கும் கலையில் இதைவிட நாணயமான ஒரு தீர்வை நான் அறியேன்.

---

நீலச்சுவடு:

எல்லோருக்கும் நன்றி. பசைத்தளத்தில் பெரிலீன் மரூன் வைத்துப் புதிதாகத் தொடங்கப்போகிறேன். ஒரு சந்தேகம்: தூள் உதிர்வதைத் தடுக்க முடிவில் வார்னிஷ் பூசிவிட்டால் போதாதா? முட்டைக் கலவையால் வேறு பக்கவிளைவு உண்டா?

---

விளிம்போரம்:

வார்னிஷ் வேண்டாம். பிடிமானம் குறைந்த இடம் வார்னிஷைக் குடித்து இருளும், எண்ணெய் மிகுந்த இடம் மேலே மினுங்கும், மங்கலும் பளபளப்பும் கலந்த பரப்பு முழுக்கக் கண்ணாடி போட்டதுபோல் ஆகிவிடும். சீக்ராம் வகையில் வடிவமே மறைந்துபோகும். உதிர்வதைக் கலவையிலேயே தடுக்க வேண்டும், மேலே பூசித் தடுக்க முடியாது.

முட்டை: கொழுப்பு கூடினால், காய்ந்து வெகுநாள் கழித்து மேற்பரப்பில் வெண்மை பூக்கும். கறுப்பில் உடனே கண்ணில் படும். அமெரிக்காவின் ஹூஸ்டனில் அவர் படங்களுக்கென்றே எழுந்த ராத்கோ தேவாலயத்தின் கறுப்பு வடிவங்களில் இந்த வெண்பூப்பு வந்து, பழுதுபார்ப்பவர்கள் வெகுகாலம் அதோடு போராடினார்கள். அதனால் முட்டைக் கலவையைப் பெயின்ட்டின் அளவில் பாதிக்கு மேல் போகவிடாதீர்கள், ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் இரண்டு மூன்று நாள் விடுங்கள்.

---

சிவப்புத்தூள்:

வார்னிஷ் இல்லாத பரப்பு எவ்வளவு எளிதில் காயப்படும் என்பதற்கு லண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடம் ஒரு சான்று. 2012 அக்டோபர் 7 அன்று ஒருவர் அங்கிருந்த 'பிளாக் ஆன் மரூன்' படத்தின் மூலையில் மார்க்கர் மையால் எழுதிவிட்டார். மையில் இருந்த கரைப்பான் ராத்கோவின் மெல்லிய அடுக்குகளையும் இளக்கி, மையைத் துணி வரை இறக்கிவிட்டது. மையை எடுக்கும் கரைப்பான் கீழே உள்ள டாமரையும் எடுத்துவிடக்கூடும் என்பதுதான் முட்டுக்கட்டை. அதனால் முதலில் அதே பொருள்களால், அதே அடுக்கு வரிசையில் ஒரு மாதிரிப் பலகை செய்து, செயற்கையாக முதுமையாக்கி, அதே மையைப் பூசி, கரைப்பான்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். கடைசியில் பென்ஸைல் ஆல்கஹாலும் எத்தில் லாக்டேட்டும் கலந்த கலவை தேறியது. படத்தில் அங்குலம் அங்குலமாகத் துடைத்து, மை முழுக்கப் போகாத இடத்தில் பின்னர் எடுக்கக்கூடிய வண்ணத்தால் நிரப்பினார்கள். 18 மாத வேலை. 2014 மே மாதம் படம் சுவருக்குத் திரும்பியது.

உங்கள் மாதிரியைத் தொட்டுப் பார்க்கப் பார்வையாளர்களுக்கு ஆசை வரும். கைப்பட்ட எண்ணெய்த் தடம் மங்கலான பரப்பில் கறையாக நிற்கும், துடைத்தால் இன்னும் பரவும். ஒரு கை எட்டாத தூரத்தில் வையுங்கள். அடுக்கு வரிசையைத் தொட்டுக்காட்ட, தனியே ஒரு சிறு துணித் துண்டில் ஒவ்வொரு பூச்சையும் படிப்படியாக விட்டு ஒரு பட்டை செய்துகொள்ளலாம்.

---

தவிநீர்:

வாழ்க்கைப் பகுதிக்கு என் பங்கு.

மார்கஸ் ராத்கோவிட்ஸ் 1903 செப்டம்பர் 25 அன்று ரஷ்யப் பேரரசின் த்வின்ஸ்கில் பிறந்தார். இன்று அது லாத்வியாவின் டாகவ்பில்ஸ். 2013 முதல் அங்கே கோட்டைக்குள் அவர் பெயரில் ஒரு கலை மையம் இயங்குகிறது. தந்தை ஜேக்கப் மருந்தாளர். கடைக்குட்டியான மார்கஸை மட்டும் ஹெடர் எனும் யூத சமயப் பள்ளியில் சேர்த்தார். அங்கே எபிரேயமும் மறைநூலும் படித்தார். தந்தை முன்னதாக ஓரிகான் மாநிலத்தின் போர்ட்லண்டுக்குப் போக, 1913-இல் தாயோடும் அக்காவோடும் மார்கஸ் போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே தந்தை இறந்தார். 1921-இல் யேல் பல்கலைக்கழகம், 1923-இல் பட்டம் பெறாமலே விலகல், பிறகு நியூயார்க். அங்கே ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீக் என்ற கலைப் பள்ளியில் அவருக்குக் கற்பித்த மாக்ஸ் வெபரும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்தான். 1929-இலிருந்து 1952 வரை புரூக்ளின் யூத மையத்தின் பள்ளியில் குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்துத்தான் பிழைப்பு ஓடியது. 1938-இல் அமெரிக்கக் குடியுரிமை. 1940 வாக்கில் பெயரைச் சுருக்கிக்கொண்டார்.

இவை எல்லாம் உரையில் வரலாம், வர வேண்டும். ஆனால் இந்தச் செவ்வகம் தோரா சுருள் (யூத மறைநூல்), இந்தக் கறுப்பு இழவுத் துணி என்று அடையாளம் ஒட்டும் வேலைக்குப் போகாதீர்கள். 1949-க்குப் பிறகு அவர் படத்தில் உருவங்களையும் புராணக் குறிகளையும் விட்டுவிட்டார் என்பதே பெரிய செய்தி. 1930களின் சுரங்க ரயில் நிலையக் காட்சிகள், 1940களின் தொன்மக் கதை வடிவங்கள், 1946-லிருந்து எல்லை கரைந்த வண்ணத் திட்டுகள், பிறகு இரண்டு மூன்று செவ்வகங்கள் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தவர். கழித்ததை நாம் திருப்பிக் கூட்டக்கூடாது. வண்ணத்தையே பொருளாகக் கொண்ட ஓவியர் (கலரிஸ்ட்) என்று தன்னைச் சொல்வதையே அவர் ஏற்கவில்லை. மனிதனின் அடிப்படை உணர்ச்சிகளே தன் பொருள் என்றார். சிறு வயதில் சமயப் படிப்பு, வேர் பிடுங்கி நட்ட வாழ்க்கை, யேலில் யூத மாணவர்கள் சந்தித்த ஒதுக்கல் ஆகியவற்றை அவருடைய கடுமையின் பின்புலமாகச் சொல்லலாம். அதற்கு மேல் போனால் ஊகம்.

சமயம் பற்றிப் பேச வேண்டுமென்றால் ஹூஸ்டன் தேவாலயத்தைப் பேசுங்கள். ஜான், டொமினிக் டி மெனில் என்ற கத்தோலிக்கத் தம்பதி 1964-இல் கேட்டுக்கொண்டு உருவான எண்கோணக் கட்டடம். 14 படங்கள்: மூன்று மும்மடிப்புகள் (ஒவ்வொன்றும் மூன்று படங்கள் சேர்ந்தது), ஐந்து தனிப்படங்கள். வரைந்தது ஒரு யூதர், முடிவில் 1971 பிப்ரவரியில் அது எல்லாச் சமயத்தாருக்குமான இடமாகத் திறக்கப்பட்டது. அதை அவர் பார்க்கவில்லை, 1970 பிப்ரவரி 25 அன்றே இறந்துவிட்டார்.

சீக்ராம் பகுதியில் ஆண்டுகளைக் குழப்பிவிடாதீர்கள், பலரும் குழப்புவது இங்கேதான். ஒப்பந்தம் 1958, தொகை 35,000 டாலர், இடம் நியூயார்க்கின் சீக்ராம் கட்டடத்தில் இருந்த ஃபோர் சீசன்ஸ் உணவகம். போவரி 222-இல் பழைய உடற்பயிற்சிக்கூடம் ஒன்றை எடுத்து, உணவறையின் அளவுக்குச் சாரம் கட்டி, சுமார் 30 படங்கள் வரைந்தார். உணவகம் 1959-இல் திறந்தபின் அங்கே சாப்பிட்டுப் பார்த்துவிட்டு விலகினார், பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஒன்பது படங்கள் டேட்டுக்குக் கொடையாகப் போயின. அவை லண்டன் வந்து சேர்ந்ததும் அவர் இறந்த அதே நாளில்தான்.

கடைசியாக, மாதிரிப் படத்தை எப்படி வைப்பது என்பது. இதில் அவரே கறாராக எழுதிக் கொடுத்தவர். 1961-இல் லண்டன் வைட்சாப்பல் கூடத்துக்கு அனுப்பிய குறிப்பில், சுவர் தூய வெள்ளையாக இருக்கக்கூடாது, அம்பர் (umber) என்ற மண்பழுப்பு கலந்து சிறிது சிவப்பால் சூடேற்றிய வெள்ளை வேண்டும் என்றார். சுவர் பளிச்சென்று வெண்மையாக இருந்தால் படத்தின் சிவப்பு பச்சை ஓடத் தொடங்கும். பெரிய படங்கள் தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. வெளிச்சம் மிதமாக, அறை முழுக்கப் பரவ வேண்டும், படத்தின்மேல் மட்டும் குறிவைத்து விழக்கூடாது. பார்ப்பவர் நிற்க அவர் சொன்ன தூரம் 18 அங்குலம். அது ஆளைவிட உயரமான படத்துக்கு. 60×50-க்கு அந்தத் தூரம் பொருந்தாது, அந்த அளவுப் படம் பார்வையை நிறைக்காது. முடிந்தால் குறைந்தது ஒன்றரை மீட்டர் உயரத்தில் செய்யுங்கள். முடியாதென்றால் சிறியதை அடுக்குமுறை மாதிரி என்று மட்டும் சொல்லுங்கள், ராத்கோவின் அனுபவம் என்று சொல்லாதீர்கள்.

---

விளிம்போரம்:

தவிநீர் சொன்ன ஒளி விஷயத்தோடு ஒன்று. பரவிய வெளிச்சத்தில் முதலில் காட்டிவிட்டு, பிறகு பக்கவாட்டிலிருந்து ஒரு சிறு விளக்கைச் சுவரை ஒட்டிப் பிடித்துக் காட்டுங்கள். எந்தப் பூச்சு முட்டை, எந்தப் பூச்சு டாமர் என்று பளபளப்பே பிரித்துச் சொல்லிவிடும். விளக்கு எல்.இ.டி.யாக இருக்கட்டும், படத்திலிருந்து அரை மீட்டராவது தள்ளி. சூடான விளக்கை நெருக்கிப் பிடித்தால் முழுக்கக் காயாத டாமர் பூச்சு இளகி, தூசி ஒட்டும்.